மாப்பிள்ளைக்கு எந்தத் தோட்டா?

துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததிலிருந்து, மும்பை திலக் நகரில் எங்கள் கட்டடத்து ஆட்கள் லிஃப்டில் என்னைவிட்டு ஓர் அடி தள்ளியே நிற்கிறார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. இந்த வாழ்க்கையில் நான் கொன்றது கொசுக்களை மட்டும்தான், அதிலும் பாதி தப்பித்துவிட்டன என்ற உண்மையைச் சொல்லி எதற்கு மரியாதையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அந்த மரியாதைக்குச் சோதனை வந்தது என் மாப்பிள்ளை வழியாக. மகள் நஸ்ரினும் மாப்பிள்ளை இக்பாலும் அமெரிக்காவில் கொலராடோ பக்கம் இருக்கிறார்கள். இக்பால் தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. படித்து, கம்ப்யூட்டர் பிழைப்புக்குப் போனவர். ஒரு நாள் வீடியோ காலில் வந்தார். நான் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒரு சின்ன ஹெல்ப். எல்க் வேட்டைக்குப் போறேன். எந்தத் தோட்டா வாங்கட்டும்?"

பிஸ்கட் டீக்குள் போய்விட்டது.

அங்கே அது சட்டப்படி நடப்பதுதான். அரசாங்கம் ஒரு ஆளுக்கு ஒரு மிருகம் என்று அனுமதி கொடுக்கிறது. கறியை ஃப்ரீசரில் வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். எல்க்கின் படத்தைக் காட்டினார். நம் கடமானுக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. ஒரு நல்ல எருமையின் கனம், தலையில் ஒரு மரத்தின் கிளைகள்.

"ஆபீஸ்ல எல்லாரும் முந்நூறு மேக்னம்தான் மாமா, பெரிய தோட்டா, நல்லா உதைக்கும். ஒரு ஃப்ரெண்டு அவன் துப்பாக்கியையே தர்றேங்கான். ரேஞ்சுல போயி சுட்டும் பாத்துட்டேன். இருங்க, வீடியோ அனுப்புதேன்."

வீடியோ வந்தது. பார்த்தேன். மறுபடி பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால் மாப்பிள்ளையின் இரண்டு கண்களும் கெட்டியாக மூடிக்கொள்கின்றன. தோள் முன்னால் பாய்கிறது. குழாய் ஒரு சலாம் போடுகிறது. அதற்கப்புறம்தான் வெடிக்கிறது.

இதை எப்படிச் சொல்வது? எங்கள் குடும்பங்களில் கடல் தண்ணீர் இனிக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னால், எனக்கும் ஒரு கிளாஸ் என்று மாமனார் கேட்க வேண்டும். 'நீங்கள் பயப்படுகிறீர்கள்' என்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் கிடையாது.

"நல்லாருக்கு மாப்ளே, யோசிச்சுச் சொல்லுதேன்" என்று ஃபோனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தபடி இருந்தேன். மனம் மட்டும் பழைய கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்த கதை சுருக்கமானது. வாப்பா தாராவியில் கறிக்கடை வைத்திருந்தார். ஆடு பார்க்கும்படி கத்தியைத் தீட்ட மாட்டார். பின்னறையில் தீட்டி, முதுகுக்குப் பின்னால் மறைத்து எடுத்து வருவார். ஒரே இழுப்பு. அந்த ஒரே இழுப்பையும் பார்க்கமுடியாமல் நான் மயங்கி விழுந்தேன். ரத்தம் பார்த்தால் விழுகிறவனைக் கறிக்கடையில் வைத்துக்கொள்ள முடியாது என்று வாப்பா, தெரிந்தவர் மூலமாகக் கோட்டைப் பக்கம் ஒரு கடையில் சேர்த்துவிட்டார். அது துப்பாக்கிக் கடை. வாப்பா என்னை மன்னித்தாரா, பழிவாங்கினாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முதலில் பெருக்கினேன், பிறகு எண்ணெய் போட்டேன், பிறகு கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

முதலாளி ஹோமி சேட், பார்சிக்காரர். ஒல்லி உடம்பு, தோளில் வார்ப்பட்டி போட்ட பேன்ட். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். காதருகே குனிந்து கேட்க வேண்டி வந்தால் ஆபத்து என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

கடையில் துப்பாக்கி எடுத்துவந்தவர் யாராக இருந்தாலும், அது காவல்துறை அதிகாரியாகவே இருந்தாலும், முறை ஒன்றுதான். குழாய் சுவரைப் பார்க்க வேண்டும். போல்ட் என்கிற பின்மூடியைத் திறந்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் லைசென்ஸ், விசாரிப்பு, டீ எல்லாம்.

தோட்டா கேட்டு வந்தால் இன்னும் பெரிய சடங்கு. பின்சுவரில் ஒரு எவர்சில்வர் தட்டு ஆணியில் தொங்கும். குழந்தைக்குச் சோறு போடுகிற அளவுத் தட்டு. பெரிய மிருகத்தின் முன்னங்காலுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பார் சேட். வாடிக்கையாளரைக் கடை மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்வார். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது காலித் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, தட்டைக் குறிபார்க்கச் சொல்வார். குழாய் மீது ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். இப்போது விசையை இழு. நாணயம் விழாவிட்டால் ஆள் சரி. விழுந்தால், "தோட்டாவைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல நாணயத்தை எடு" என்பார்.

அவர் கணக்கு எளிமையானது. தட்டை ஒவ்வொரு முறையும் தவறாமல் அடிக்கிற தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். அதற்கு மேல் ஒரு அடிகூட உனக்குச் சொந்தமில்லை. நீ பயப்படாமல் சுடக்கூடிய தோட்டா எதுவோ, அதுதான் உன் தோட்டா. குண்டின் மூக்கு ஈயமாக, மிருதுவாக இருக்க வேண்டும். உள்ளே போனதும் விரிய வேண்டும், ஆனால் சிதறாமல் ஆழம்வரை போக வேண்டும். முழுக்கச் செம்பு போர்த்திய குண்டு, ஊசி துணியில் போவதுபோல் நுழைந்து வெளியே போய்விடும். மிருகமும் போய்விடும், நாலு நாள் கழித்து எங்கேயோ சாகும்.

சுட்டு முடித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "க்யா தேகா?" என்ன பார்த்தாய்? பட்டதா, படவில்லையா என்று கேட்க மாட்டார். கண் திறந்திருந்தவன் ஏதாவது சொல்லுவான். மூடியிருந்தவன் சத்தத்தைப் பற்றிச் சொல்லுவான்.

என்னையும் ஒருமுறை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சை வைத்தார். த்ரீ செவன்ட்டி ஃபைவ் என்று ஒரு பெரிய துப்பாக்கி, புலி வேட்டை நாளில் ராஜாக்கள் வைத்திருந்த ஜாதி. அவரே தோட்டா போட்டுக் கொடுத்தார். நான் கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்து, விசையை இழுத்து, பின்னால் சாய்ந்து, தரையில் உட்கார்ந்தேன். துப்பாக்கி 'டிக்' என்றது. அவர் போட்டது மருந்தில்லாத டம்மித் தோட்டா. துப்பாக்கி வெடிக்கவில்லை, நான் மட்டும் வெடித்திருந்தேன்.

"க்யா தேகா, ஹனிபா?"

"ஒன்னும் இல்ல சேட்."

"கவுண்டருக்குப் பின்னாடியே இரு. அங்கே நீ யாருக்கும் ஆபத்தில்லை."

அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று எனக்குப் புரிந்தது பாட்டீல் விஷயத்தில்தான். அவர் விதர்பா பக்கத்துப் பெரிய விவசாயி. கடலைக் காட்டை நீல்காய்கள் மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தன. குதிரை உயரம், மான் முகம், ஒரு கூட்டம் புகுந்தால் விடியும்போது வயல் வெறும் தரை. வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கியிருந்தார். இரண்டு துப்பாக்கிகள் லைசென்ஸில் இருந்தன. ஒன்று தாத்தாவின் த்ரீ செவன்ட்டி ஃபைவ். இன்னொன்று பன்றி விரட்ட வாங்கிய தர்ட்டி ஓ சிக்ஸ், நடுத்தரமானது.

படியேறி இறங்கி வந்தார். பெரியதைத் தூக்கினார். நாணயம் விழுந்தது. மறுபடி வைத்தோம், விழுந்தது. சிறியதில் நாணயம் அசையவே இல்லை.

"பாட்டீல் சாகேப், இதைக் கொண்டு போங்க" என்றார் சேட், சிறியதைக் காட்டி. "நீல்காய்க்கு இது தாராளம். ஈய மூக்குத் தோட்டா தரேன்."

"சேட், அது பன்னிக்கு. ஊரே பாக்க நிக்கும். நான் சின்னதைத் தூக்கிட்டுப் போனா என்ன நினைப்பாங்க?"

"நீல்காய் என்ன நினைக்கும்னு யோசிங்க" என்றார் சேட். குரல் மிகவும் மெதுவாகிவிட்டிருந்தது.

பெரிய துப்பாக்கிக்குத் தோட்டா தர மறுத்துவிட்டார். பாட்டீல் சிரித்துக்கொண்டே போனார். அவர் வீட்டில் தாத்தா காலத்துத் தோட்டா இருந்தது, முழுக்கச் செம்பு போர்த்தியது.

சில நாளில் பாட்டீலிடமிருந்து ஃபோன் வந்தது. அடிபட்ட நீல்காய் துவரங்காட்டுக்குள் போய்விட்டது, வனக்காவலர் கத்துகிறார், கடையில் யாராவது ஒரு வழி சொல்லுங்கள் என்று. தோட்டா எங்களுடையது இல்லை, எங்களுக்கென்ன என்று நான் நினைத்தேன். சேட் அதற்குள் கிளம்புவதற்குத் தொப்பியை எடுத்து மாட்டிவிட்டார். நானும் தண்ணீர்க் குடுவையையும் அவருடைய மடக்கு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். நாங்கள் போய்ச் சேரும்போது அந்த மிருகம் அடிபட்டு ஒரு ராத்திரி கழிந்திருந்தது.

பாட்டீல் வரப்பில் நின்றார். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"க்யா தேகா?" என்றார் சேட்.

"பயங்கர சத்தம், சேட். தோள் அப்படியே..."

"கேட்டது காதை இல்லை. கண்ணை."

பாட்டீல் தலையைக் குனிந்துகொண்டார்.

வனக்காவலர் முன்னால் போனார். இலையில் ரத்தம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, அதுவும் பச்சையும் பழுப்பும் கலந்து என்று அவர் சொன்னார்; நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சேட் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "வயிறு" என்றார். வெயில் ஏறியது. துவரைச் செடிக்குள் என்ன அசைந்தாலும் நான் சேட்டின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதைக் கண்டுபிடித்துவிடுவோமோ என்று ஒரு பயம், கண்டுபிடிக்காமல் போய்விடுவோமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

காய்ந்த ஓடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தது. படுக்கக்கூட முடியாமல், தலையைத் தொங்கப்போட்டு, கால்களை அகட்டி நின்றது. வயிற்றில் பென்சில் நுழைகிற ஓட்டை, அவ்வளவுதான் அந்த ராஜா தோட்டா செய்த வேலை. எங்களைப் பார்த்தது. ஓடவில்லை.

சேட் நினைத்திருந்தால் தானே முடித்திருக்கலாம். பாட்டீலை உட்கார வைத்தார். அவருடைய சிறிய துப்பாக்கியைக் கொடுத்து, ஈய மூக்குத் தோட்டா ஒன்றைக் கொடுத்து, குழாய்க்கு அடியில் தன் பையை அணைவாக வைத்தார். மிருகத்துக்குப் பின்னால் ஓடையின் மண்சரிவுதான் இருக்கிறது, ஆளில்லை என்று நின்று பார்த்துக்கொண்டார்.

"முன்னங்காலுக்குப் பின்னாடி நம்ம தட்டு இருக்கு. மூச்சை விடு. அவசரமில்லை, அது எங்கேயும் போகாது. நீயும் போகாதே."

வெடித்தது.

"க்யா தேகா?"

பாட்டீல் அழுதுகொண்டே சொன்னார். "தோளுக்குப் பின்னாடி புழுதி எழும்புச்சு சேட். முன்னங்கால் ரெண்டும் மடங்குச்சு. அப்புறம் தலை."

சேட் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ?"

நான் மடக்கு நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். அதை அவரிடம் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இத்தனையும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது? நஸ்ரின் தனியாக ஃபோன் செய்தாள்.

"வாப்பா, டென்ஷன் எடுக்காதீங்க. ஆனா அவ்வொகிட்ட பேசுங்க. தோளு நீலமாக் கெடக்கு. கேட்டா கதவுல இடிச்சிட்டேங்காவ."

"எந்தக் கதவு?"

"அதான் வாப்பா, எங்க வீட்ல அந்த உயரத்துல கைப்பிடி வச்ச கதவே இல்ல."

அதற்கு மேல் தாங்கவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவருடைய வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கதையை, சேட்டின் தட்டு, நாணயம், ஈய மூக்கு, 'என்ன பார்த்தாய்' எல்லாம் சேர்த்துச் சொன்னேன். டம்மித் தோட்டாவையும், நான் தரையில் உட்கார்ந்ததையும் நடித்தே காட்டினேன். சோஃபாவிலிருந்து விழுந்தும் காட்டினேன். இந்த வயதில் அது நடிப்பாக மட்டும் முடியவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த ஃப்ரெண்டுகிட்ட சொல்லி, உங்களுக்குத் தெரியாம நடுவுல ஒரு டம்மி போடச் சொல்லுங்க மாப்ளே. சும்மா தமாஷுக்கு."

"எனக்கெல்லாம் அப்படி ஆகாது மாமா."

"ஆகாது, ஆகாது. நீங்க யாரு! தமாஷுக்குத்தான்."

பிறகு மாப்பிள்ளையிடமிருந்து ஃபோனே வரவில்லை. பத்து முறை ஃபோனை எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரி பாத்திமா அதை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். கடைசியில் நஸ்ரின்தான் சொன்னாள்.

"வாப்பா, மேக்னத்தத் திருப்பிக் குடுத்துட்டாவ. ஏன்னு கேட்டா, அதோட கலர் புடிக்கலையாம். தர்ட்டி ஓ சிக்ஸு வாங்கிருக்காவ. ஈய மூக்கு, நூத்தி எண்பது கிரெய்ன்னு ஏதோ சொல்லுதாவ. வீட்ல என் எவர்சில்வர் தட்டு ஒன்னையும் காணோம்."

தட்டைக் காணோம் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. மிச்சப் பாதிக்கு வேட்டை நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்களுக்கு விடிகிற நேரம் நமக்குச் சாயங்காலம். அன்று நான் நடந்த நடையில், "ஏங்க, டைல்ஸ் தேஞ்சிரும், கொஞ்சம் உக்காருங்களேன்" என்று பாத்திமா கத்தினாள். குக்கர் விசிலடித்தால் துள்ளினேன். மாப்பிள்ளை ஒரு அப்பாவி மிருகத்தின் வயிற்றில் சுட்டுவிட்டு மலை மலையாகத் தேடுவதாக எனக்குள் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஓடையில் நின்ற கண்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

ஃபோன் அடித்தது. கிசுகிசுப்பான குரல்.

"மாமா. சுட்டுட்டேன்."

"எங்க இருக்கு?"

"தெரியல மாமா. துள்ளி ஓடி மரத்துக்குள்ள போயிருச்சு. ஃப்ரெண்டு அரை மணி உக்காரச் சொல்லுதான். எனக்கு உக்கார முடியல. போயிப் பாக்கட்டா?"

"வேண்டாம்! உக்காருங்க மாப்ளே. துரத்துனா இன்னும் ஓடும். உக்காருங்க." மாமனார் மரியாதை, மாப்பிள்ளை மரியாதை எல்லாம் எங்கோ போயிற்று. "சுட்டப்ப என்ன பாத்தீங்க?"

பதில் இல்லை. சிக்னல் அறுந்துவிட்டிருந்தது.

கூப்பிட்டேன். போகவில்லை. பால்கனிக்கு ஓடினேன், சமையலறைக்கு ஓடினேன். சிக்னல் போனது அவர் மலையில், ஆனால் நான் இங்கே ஃபோனைக் கூரைக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அவர் பதில் சொல்லாதது சிக்னலால் இல்லையோ? சொல்ல ஒன்றும் இல்லையோ? நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். பாத்திமா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

மறுபடி அடித்தது.

"மாமா, லைன் கட்டாயிருச்சு. என்ன கேட்டீங்க?"

"என்ன பாத்தீங்கன்னு கேட்டேன் மாப்ளே."

"பெரிய கொம்பு ஒன்னு மொதல்ல தூரத்துல நின்னுச்சு. ஃப்ரெண்டு சுடுங்கான். தட்டை அவ்வளவு தூரத்துல நான் அடிச்சதில்ல, விட்டுட்டேன். அப்புறம் இது கிட்ட வந்துச்சு, பக்கவாட்டுல நின்னுச்சு. பிஸ்மி சொல்லித்தான் இழுத்தேன். முன்னங்காலுக்குப் பின்னாடி ரோமம் அப்படியே ஒரு குழி விழுந்து அலையடிச்சுது மாமா. முதுகு வளைஞ்சுது. மூச்சு ஆவியாத் தெரிஞ்சுது. ரெண்டாவது மரத்தைத் தாண்டும்போது பின்னங்கால் பின்னிக்கிட்டு..."

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"மாப்ளே, ஃப்ளாஸ்க்குல டீ இருக்கா?"

"இருக்கு மாமா."

"குடிங்க. அது எங்கேயும் போகல."

அரை மணி கழித்து வீடியோவில் வந்தார். படம் திக்கித் திக்கி நகர்ந்தது. பனி, பைன் மரங்கள், ஓடிய தடம். ரத்தம் பளிச்சென்ற சிவப்பில், நுரையோடு இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. கொஞ்ச தூரம்தான். "மாமா, இங்கதான்! விழுந்து கெடக்கு! ஒரே அடி!" என்ற சத்தம் கேட்டது. நஸ்ரினின் தட்டு அளவு இடத்தின் நடுவில் பட்டிருக்கிறது என்றார். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன் என்றார்.

"இப்ப நீங்க சொல்லுங்க மாமா. என்ன பாத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாத்திமா ஃபோனுக்குள் தலையை விட்டுச் சொன்னாள்.

"என்னத்தப் பாத்தாவ? ரத்தம்னு நீங்க சொன்னதுலேருந்து கண்ண இறுக்கி மூடிக்கிட்டுல்லா உக்காந்திருக்காவ!"

மலை முழுக்கச் சிரிப்பு கேட்டது. இதைப் படித்த பிறகு எங்கள் கட்டடத்துக்காரர்கள் லிஃப்டில் தாராளமாக நெருங்கி நிற்கலாம்.